பேரைச் சுரண்டாமல் அரைத்த குடம்

இதை நான் தப்பாகச் சொல்லிவிடுவேன் என்ற பயம் வாயைத் திறக்கும்போதே வந்துவிட்டது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், எதை முன்னால் சொல்வது எதைப் பின்னால் சொல்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் அதற்கு முன்பே இன்னொன்றைச் சொல்லியிருக்க வேண்டுமோ என்று தோன்றிவிடும். அதோடு இந்த விஷயத்தில் ஒரு வார்த்தை பிசகினாலும் குற்றம் இன்னொருத்தி தலையில் போய் விழும், ஏற்கெனவே அப்படி விழுந்தும் விட்டது. அதனால் தட்டு முதலில், குடம் அதற்குப் பிறகு, நான் செய்தது அதற்கும் பிறகு என்று மனசுக்குள் வரிசை போட்டுக்கொண்டு சொல்கிறேன், எங்கேயாவது தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூருக்குக் கிழக்கே, நின்றுபோன ஒரு நூல் மில்லுக்குப் பின்பக்கம் எங்கள் கம்பெனி. கம்பெனி என்றால் தகரக் கூரை போட்ட செட், மூன்று மோல்டிங் மெசின், ஒரு அரவை மெசின், முதலாளி சென்னியப்பனையும் சேர்த்து ஆறு பேர். பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் அடித்து, தண்ணீர் மொள்ளுகிற மக்கு, வாளிக் கைப்பிடி, சோப்பு டப்பா செய்வோம். அச்சிலிருந்து பொருள் சூடாக வந்து விழும்போது அதன் ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் பிசிறை பிளேடால் சீவி எடுப்பது என் வேலை, பதினாலு வருசமாக அதைத்தான் சீவிக்கொண்டிருக்கிறேன்.

போன தை மாசம் தாரிணி என்று ஒரு பெண் காரில் வந்து இறங்கினாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, முப்பது வயசு இருக்கும், இரும்பு அச்சு ஒன்றைப் பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். சாப்பாட்டுத் தட்டு அகலத்தில், விளிம்பு மழுங்கலாக, ஒரு வட்டம் அச்சுக்குள் இருந்தது.

"இதுக்குப் பேரு பட்டருங்ணா," என்றாள்.

மெசின் ஓட்டுகிற ஆறுச்சாமி அச்சைக் குனிந்து பார்த்தார். "காரமடைக் கோயில்ல இருப்பாங்களே, அவிகளாங்க?"

"இல்லீங்ணா, இது எறியற தட்டு."

"அப்ப பட்டரை எறியறீங்க."

"ஆமாங்ணா. சங்கிலி மேல எறியோணும்."

"அவரு என்னங்க பாவம் பண்ணுனாரு?"

தாரிணி சிரித்துவிட்டு விளக்கமாகச் சொன்னாள். தட்டெறிகிற விளையாட்டு ஒன்றுக்காக மில்லின் காலி நிலத்தை வாடகைக்குப் பேசி ஒன்பது இரும்புக் கம்பம் நட்டிருக்கிறார்களாம், ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு கூடை, கூடைக்கு மேலே சுற்றிலும் தொங்குகிற சங்கிலிகள். தூரத்திலிருந்து தட்டை வீசி வீசிக் கூடையை நெருங்க வேண்டும், தூரத்துக்கு வீசுகிற தட்டு கத்திபோல விளிம்பு கூர்ந்தது, கூடைக்குப் பக்கத்தில் வந்தபிறகு கடைசி எறிக்கு இந்த மழுங்கல் விளிம்புத் தட்டு, இதுதான் பட்டர். இதை மூன்று விதப் பிளாஸ்டிக்கில், விதத்துக்கு இருபத்து நாலாக அடித்துத் தர வேண்டும், எது நல்லது என்று எறிந்து பார்த்து ஒப்பிட்டு நோட்டில் எழுதப்போகிறாள். "பிளாஸ்டிக் மாலு மட்டும் புதுசா இருக்கோணும், அரைச்ச மாலு ஒரு பிடி கூடச் சேரக்கூடாதுங்க்கா," என்று என்னவோ முதலாளியை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

அந்த மூன்று பிளாஸ்டிக்குக்கும் ஆங்கிலத்தில் நீளமான பேர் மூட்டையில் எழுதியிருந்தது, எங்கள் வாயில் நுழையவில்லை, நாங்களே பேர் வைத்தோம். ஒன்று களி. அது மெத்தென்று இருக்கும், வேர்த்த கையிலும் வழுக்காது, சங்கிலியில் பட்டால் அப்படியே அசந்து கூடைக்குள் விழும், ஆனால் மரத்தில் நாலு தடவை மோதினால் விளிம்பு கடித்த மாதிரி ஆகிவிடும், வெயிலில் வைத்தால் துவண்டுபோகும். இன்னொன்று கல்கண்டு. தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் அந்தப் பக்கம் தெரியும், பாறையில் அடித்தாலும் கீறல் விழாது, ஆனால் ஈரக் கையில் நிற்காது, சங்கிலியில் பட்டதும் விருட்டென்று வெளியே தெறிக்கும். மூன்றாவது பணியாரம். அதைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை, நடுவில் பிறந்த பிள்ளைகளைப் போல அது யாருக்கும் எந்தத் தொந்தரவும் கொடுக்கவில்லை.

கல்கண்டும் பணியாரமும் இரண்டு நாளில் அடித்து முடிந்தன. களி அடிக்கிற அன்றைக்கு முதலாளி ஈரோட்டுக்குச் சொந்தக்கார ஒறம்பரை வீட்டுச் சீருக்குப் போய்விட்டார், மெசின் சூடேறி அச்சும் பூட்டியாகிவிட்டது, பிளாஸ்டிக் குருணையை எடை போட்டால் முக்கால் கிலோ குறைகிறது. சூடேறின மெசினைச் சும்மா போட்டால் உள்ளே இருக்கிற மால் கருகிவிடும். "எங்கிருந்தாச்சும் கொண்டாங்க்கா, சித்த நேரந்தான் தாங்கும்," என்று ஆறுச்சாமி கத்தினார்.

ஒரு பழைய குடத்தை அரைத்தால் முக்கால் கிலோ வந்துவிடும். கம்பெனியில் பழைய குடங்கள் ஒரு மூட்டை கிடந்தன, எங்கள் தெருப் பெண்கள் ஓட்டைக் குடத்தைக் கொடுத்துவிட்டுப் புது மக்கு வாங்கிப்போவது வழக்கம். குடத்தை அரவையில் போடுவதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதை இங்கே சொல்லாவிட்டால் மேலே எதுவும் விளங்காது. எங்கள் தெருவில் எல்லாக் குடத்திலும் பேர் எழுதியிருக்கும், நகப் பாலீசால், தெருக்குழாயில் நாற்பது குடம் ஒரே நிறத்தில் நின்றால் எது யாருடையது என்று தெரிய வேண்டுமே. அரைப்பதற்கு முன்னால் அந்தப் பேரைச் சுத்தமாகச் சுரண்டிவிட வேண்டும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை, எந்த அரவை மெசின்காரரும் பேரோடு ஒரு சாமானை உள்ளே போடமாட்டார்.

நான் மூட்டையை அவிழ்க்கவில்லை. செட்டுக்குப் பின்னால் இரண்டு நிமிச நடையில் என் வீடு. ஓடிப்போய்ப் புழக்கடையில் விறகுக்கு அடியில் ஆறு வருசமாக மறைத்து வைத்திருந்த பச்சைக் குடம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தேன், அதில் சிவப்புப் பாலீசில் 'லோகாம்பாள்' என்று எழுதியிருந்தது. அதை ஒழிக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று தோன்றியது. சுரண்ட வேண்டுமென்றால் அந்தப் பேரை உற்றுப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு எழுத்தாகப் பார்க்க வேண்டும். எனக்கு அது முடியவில்லை. அப்படியே போட்டேன்.

இப்போது நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

ஆறு வருசத்துக்கு முன்னால் ஒரு பங்குனி, பன்னிரண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் விட்ட காலம், அதுவும் இரண்டு மூன்று குடம் நிறைந்ததும் காற்று மட்டும் வரும். எங்கள் தெருவில் ஆள் நிற்க வேண்டாம், குடம் நின்றால் போதும், குடம் நிற்கிற இடம் அந்தக் குடத்துக்காரியின் இடம். அன்றைக்கு என் பக்கத்து வீட்டு லோகாம்பாளின் குடம் மூன்றாவது, என்னுடையது நாலாவது. வெயிலுக்குப் பயந்து எல்லோரும் வீட்டுக்குள் போய்விட்டார்கள். என் மாமியார் படுக்கையில் கிடந்தார், இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு, துணி அலச வீட்டில் ஒரு சொட்டு இல்லை. நான் வெளியே வந்து, இரண்டு பக்கமும் பார்த்து, அவள் குடத்தை எடுத்து என் குடத்துக்குப் பின்னால் வைத்தேன். மூன்று குடம் நிறைந்தது, தண்ணீர் நின்றது.

"நான் மூணாவது வெச்சேன்," என்றாள் லோகாம்பாள். குழாயை ஒட்டின வீட்டுக்காரி பேபி, அவளைக் கேட்டார்கள், அவள் பார்க்கவில்லை என்றாள், பார்க்கவில்லைதான். அப்படியானால் லோகாம்பாள் பொய் சொல்கிறாள் என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து அவள் எங்கே குடம் வைத்தாலும் யாராவது ஒருத்தி பேசாமல் பின்னால் நகர்த்தினாள், பொய்க்காரிக்கு என்ன இடம் என்று. நாலு மாசம் பொறுத்தாள், பிறகு திருப்பூரில் இருக்கிற மகளிடம் போய்விட்டாள், அந்தப் பச்சைக் குடத்தைக் குழாயடியிலேயே விட்டுவிட்டு. யார் கண்ணிலும் பட வேண்டாம் என்று நான்தான் எடுத்து மறைத்தேன். இது தெரிந்தால் தெருவில் எனக்கு என்ன மிஞ்சும் என்ற வெசனத்திலேயே ஆறு வருசம் போயிற்று, புருசன் போனபிறகு எனக்கு ஒறவு என்று இருப்பது அந்தத் தெருவும் அந்த வரிசையில் ஒரு இடமும்தான்.

ஞாயிற்றுக்கிழமை தாரிணியும் அவள் கூட்டாளிகள் ஏழெட்டுப் பேரும் மில் நிலத்தில் எறிந்து பார்த்தார்கள். கல்கண்டு நேராகப் போய்ச் சங்கிலியில் மோதித் தெறித்தது. பணியாரம் விழுந்தது. களியை எறிந்தபோது அது நேராகக் கூடையைப் பார்த்துப் போய், ஒரு சாண் இருக்கும்போது இடப்பக்கம் திரும்பி, மில் மதிலைத் தாண்டி, சீமைக் கருவேல் காட்டைத் தாண்டி, வேலை முடிந்து டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகிறவளைப் போல அவசரமில்லாமல் ஆள் உயரத்தில் எங்கள் தெருவுக்குள் வந்து, குழாயடி வரிசையில் இரண்டாவது குடத்துக்கும் மூன்றாவது குடத்துக்கும் நடுவில் இறங்கி உட்கார்ந்தது. அடுத்ததும் அப்படியே வந்தது. ஒருவர் எறிந்தாலும் இன்னொருவர் எறிந்தாலும், கிழக்கே பார்த்து எறிந்தாலும் மேற்கே பார்த்து எறிந்தாலும், பொழுது சாய்வதற்குள் இருபத்து நாலும் வந்து ஒன்றின்மேல் ஒன்றாக, கல்யாண வீட்டில் கழுவி அடுக்கின தட்டுகளைப் போல மூன்றாவது இடத்தில் அடுக்கி நின்றன.

மறுநாள் காலையில் தண்ணீர் முறை. குடத்தைப் பார்க்க வந்த பெண்கள் முதலில் கேட்டது, "இது யாரு வெச்சது?" என்பதுதான். பேபி எடுத்து ஓரமாக வைத்தாள், குனிந்த முதுகு நிமிர்வதற்குள் அது பழைய இடத்தில் இருந்தது. இன்னொரு தடவை எடுத்து வைத்தாள். இருந்தது.

"அது அதும்பட எடத்துலதான் நிக்குது, நீ எதுக்குக்கா அதைப் போட்டு அலைக்கழிக்கிறே," என்றாள் கருணாம்பிகை. தையல் மெசின் வைத்திருப்பவள், எதற்கும் ஒரு லொள்ளு வைத்திருப்பாள்.

"குடம்னா சரி. தட்டுக்கு எப்படி எடம்?"

"ஏன், போன மாசம் நீ செருப்பை வெச்சுட்டுப் போனியே, அது குடமா?"

பிறகு, இருபத்து நாலு தட்டுக்கும் இருபத்து நாலு முறையா, அடுக்குக்குச் சேர்த்து ஒரே முறையா என்று பேச்சு வந்து, அரைமணி நேரம் ஓடி, ஒரு அடுக்கு ஒரு முறை என்று முடிவாயிற்று. அதன் முறை வந்தபோது யார் பிடிப்பது என்று மறுபடியும் பேச்சு. கடைசியில் கருணாம்பிகை மேல்தட்டைத் திருப்பிப் போட்டுப் பிடித்தாள், நாலு டம்ளர் கொண்டது. அதைத் தெருநாய் வந்து குடித்தது, மிச்சத்தை மைனா குடித்தது, யாருக்கும் மனக்குறை இல்லை.

தட்டைத் தேடிக்கொண்டு தாரிணியும் கூட்டாளிகளும் வந்தார்கள். அவர்கள் பாட்டுக்கு எடுக்கப் போக, "முறை முடியாம எடுக்கக் கூடாது கண்ணு, எடம் போயிரும்," என்று பெண்கள் உட்கார வைத்துவிட்டார்கள், முறை முடிந்ததும் தட்டுகள் அடம்பிடிக்காமல் கையோடு போயின. அதற்குப் பிறகு ஒவ்வொரு தண்ணீர் முறைக்கும் இது வழக்கமாயிற்று. அந்தப் பிள்ளைகள் ஒன்பது கம்பம் எறிந்து முடித்துப் பத்தாவதாக எங்கள் குழாய்க்கு நடந்து வருவார்கள், வரிசையில் நிற்பார்கள், கிழவிகளுக்குக் குடம் தூக்கிவிடுவார்கள், எத்தனை எறியில் குழாய்க்கு வந்து சேர்ந்தது என்று அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். தாரிணி நோட்டில் மூன்று பிளாஸ்டிக்குக்கும் கட்டம் போட்டிருந்தாள், கைப்பிடி, சங்கிலியில் ஒட்டுவது, விளிம்பு தேய்வது, வெயில், மழை என்று. இப்போது கடைசியில் 'தண்ணி' என்று ஒரு கட்டம். களிக்கு நேராக மட்டும் டிக் அடித்திருந்தாள்.

வால்வு திறக்க வருகிறவர் தட்டைப் பார்த்துவிட்டு, "இதுக்குக் கனெக்சன் கார்டு இருக்குங்களா?" என்று கேட்டார். இல்லை என்றதும், "அடுத்த மாசத்துக்குள்ள எடுத்துருங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். யாரோ ஒருத்தி தட்டுக்குப் பொட்டு வைக்கப் போக, கருணாம்பிகை தடுத்தாள். "பட்டருதான் நமக்குப் பொட்டுக் குடுக்கோணும். நாம அவருக்கு வெச்சா ஊரு சிரிக்கும்."

முதலாளிக்கு மட்டும் முகம் வாடியது. தட்டு ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், களியின் வெள்ளைக்குள் பச்சை புகைபோல ஓடியிருந்தது, அங்கங்கே கடுகளவு சிவப்பு இருந்தது. "யாரோ பேரைச் சுரண்டாம அரைச்சிருக்கீங்க," என்றார். "சுரண்டாம அரைச்சா அது வேறெங்க போகும், அவங்க எடத்துக்குத்தான் போகும்." எங்கள் ஆறு பேரில் அதற்காக ஆச்சரியப்பட்டவர் எவருமில்லை. தாரிணியிடம் மன்னிப்புக் கேட்டு, புது மாலில் திருப்பி அடித்துத் தருகிறேன் என்றார். அவள் வேண்டாம் என்றாள், "இதையும் ஒப்பிட்டுப் பாக்கோணுங்ணா," என்றாள். சுரண்டாதது யார் என்று அவர் கேட்டபோது, மூட்டையில் கிடந்த எதையோ அவசரத்தில் போட்டுவிட்டேன், பேரைக் கவனிக்கவில்லை என்றேன். அவர் நம்பினார், அவ்வளவு வருசம் ஒழுங்காகச் சீவினவள் நான்.

தெரு நம்பவில்லை என்று சொல்ல முடியாது, தெரு வேறு வழியில் யோசித்தது. அடுத்த தண்ணீர் முறையின்போது பேபிதான் தட்டிலிருந்த நிறங்களைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னாள். "சிவப்புப் பாலீசு போட்ட பச்சைக் குடம். லோகாதான் அப்படி எழுதுவா. அவதான் அன்னிக்கு மூணாவது வெச்சேன் மூணாவது வெச்சேன்னு அழுதா."

நான் வரிசையில் இருந்த குடத்தைச் சரிசெய்கிறவளைப் போல உட்கார்ந்துகொண்டேன்.

"அப்ப அவ சொன்னது நெசம்," என்றாள் கருணாம்பிகை. இந்தத் தடவை லொள்ளு இல்லை. "அப்ப யாரு நவுத்துனது?"

நாலாவதாக யார் குடம் இருந்தது என்று யாராவது நினைத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆறு வருசம், யாருக்கும் ஞாபகமில்லை. குழாயை ஒட்டின வீடு யாருடையது என்பதுதான் எல்லோர் கண்ணிலும் பட்டது. பார்க்கவில்லை என்று சொன்னவள் யார் என்பது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. அதற்கடுத்த முறை பேபியின் குடத்தை யாரோ கடைசிக்கு நகர்த்தியிருந்தார்கள், அதற்கடுத்த முறையும். அவள் மருமகள் கடைக்குப் போனால் பேச்சு நின்றது. அவள் வீட்டுச் சீமந்தத்துக்குத் தெருவிலிருந்து நாலு பேர் போனார்கள், அதில் நானும் ஒருத்தி, வைத்த சோற்றைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் பேபி என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள். என்னைவிட ஏழெட்டு வயசு மூத்தவள், முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவாள்.

"சம்பூரணம், நான் நவுத்தலை. உள்ள பருப்பு வேகவெச்சுட்டு இருந்தேன், நான் வெளியவே வரலை. நீயாச்சும் நம்பறியா?"

"நம்பறேங்க்கா."

"நீ ஒருத்திதான் நம்பறே," என்று சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். கை சூடாக இருந்தது. அந்தச் சூடு போன பிறகும் நான் அந்தக் கையால் எதையும் தொடவில்லை.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு, அடுக்கிலிருந்து ஒரு தட்டைத் தாரிணியிடம் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு திருப்பூர் பஸ் ஏறினேன். தட்டு நூற்றெழுபத்தைந்து கிராம்தான், ஆனால் பஸ் அவினாசி தாண்டினதும் பை பின்பக்கமாக இழுத்தது, மடியில் இறுக்கி வைத்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "உள்ள கோழிங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

லோகாம்பாள் மகள் வீட்டு மாடியில் பனியன் துணிக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள், அவள் கையிலும் வெட்டுகிற வேலை. இளைத்திருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். தட்டை வாங்கித் திருப்பிப் பார்த்து, சிவப்புப் பொட்டுகளை விரலால் தடவினாள்.

"என் குடமா?"

"ஆமா."

"நல்லா வழவழன்னு பண்ணியிருக்கீங்க," என்றாள். தட்டு அவள் கையில் அசையாமல் இருந்தது. பிறகு நான் கேட்காமலே சொன்னாள். "நீதான் நவுத்துனேன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். ரெண்டு நாளா உங்க வீட்டுல துணி நாத்தம் என் வீடு வரைக்கும் வந்துச்சு. சொல்லியிருந்தா நானே குடுத்திருப்பேன்."

"தெரிஞ்சா ஏன் சொல்லலை?"

"சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். எல்லாரும் பொய்க்காரின்னாங்க. உன்னைப் பாத்தேன். நீ குனிஞ்சு குடத்தைக் கழுவிட்டே இருந்தே, நெறஞ்ச குடத்தை, அதும் வெளிப்பக்கத்தை. நீயே சொல்லுவேன்னு நாலு மாசம் பாத்தேன்."

நான் பேபியைப் பற்றிச் சொன்னேன், சீமந்தத்தைப் பற்றி, அவள் என் கையைப் பிடித்ததைப் பற்றி. திரும்பி வந்துவிடு, எல்லோரும் இப்போது உன்னை நம்புகிறார்கள் என்றேன். லோகாம்பாள் மாடிச் சுவரைக் காட்டினாள், அங்கே ஒரு பைப்பு இருந்தது, திறந்து காட்டினாள், தண்ணீர் வந்தது. "எனக்கு அங்க எடம் வேண்டாம். ஆனா பேபி பருப்புதான் வேகவெச்சுட்டு இருந்தா, அதைப் போய்ச் சொல்லு." தட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மத்தியானச் சோற்றை அதில் போட்டுத்தான் எனக்குக் கொடுத்தாள். நான் சாப்பிட்டேன்.

அடுத்த தண்ணீர் முறை வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு. எல்லோரும் இருந்தார்கள், தாரிணி கூட நோட்டோடு நின்றிருந்தாள். நான் சொன்னேன், தண்ணீர் விழுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. "என்னங்க்கா?" என்றாள் கருணாம்பிகை. ஒரு தடவை சொல்வதற்கே ஆறு வருசம் ஆனது, மறுபடியும் சொல்ல வேண்டியதாயிற்று.

"லோகா குடத்தை நாந்தான் நவுத்துனேன். நாலாவது என் குடம். பேபியக்கா வெளியவே வரலை. குடத்தைப் பேரோட அரைச்சதும் நாந்தான்."

குழாயை யாரோ மூடினார்கள். தண்ணீர் முறையில் குழாயை மூடி நான் பார்த்ததில்லை. பேபி என்னிடம் வந்து நின்றாள்.

"நான் உன் வாசல்ல உக்காந்து அழுதேனே. அப்பவும் தெரியுமா?"

"தெரியுங்க்கா."

அவள் என் குடத்தை எடுத்துக்கொண்டுபோய் வரிசையின் கடைசியில் வைத்தாள், எறியவில்லை, அடி தரையில் படுகிற சத்தம்கூடக் கேட்காமல் வைத்தாள். பிறகு தன் குடத்தை எடுத்துவந்து முதலில் வைத்தாள். கருணாம்பிகை குழாயைத் திறந்தாள்.

மிச்சமிருக்கிற இருபத்து மூன்று தட்டும் இன்றைக்கும் வருகின்றன, அவற்றுக்கு நான் சொன்னதால் எந்த மாற்றமும் இல்லை, மூன்றாவது இடம் அவற்றின் இடம். தாரிணி ஒப்பிட்டு முடித்துவிட்டாள். கைக்கும் சங்கிலிக்கும் களிதான் நல்லது, நாள்பட உழைப்பதற்குக் கல்கண்டு, புதிதாக ஆடுகிறவர்களுக்குப் பணியாரம் என்று எழுதியிருக்கிறாள், அதற்குக் கீழே, களி வாங்குகிறவர்கள் பக்கத்தில் குழாய் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும் என்று ஒரு வரி. பேபி என்னோடு பேசுவதில்லை. என் குடம் ததும்பினால் தள்ளி வை என்று கையை மட்டும் காட்டுவாள், போன முறை இரண்டு தடவை காட்டினாள்.

எனக்கு வந்திருக்கிற வெசனம் வேறு. இந்த மூன்று மாசமாகத் தெருப் பெண்கள் பழைய குடங்களைக் கம்பெனிக்குக் கொண்டுவந்து, "சுரண்டாம அரைச்சுக் குடுங்க" என்கிறார்கள். செத்த மாமியார் குடம், ஓடிப்போன ஓரகத்தி குடம், எதைச் சொல்லும் என்று கேட்க ஆசை. முதலாளி முடியாது என்று திருப்பி அனுப்புகிறார். எத்தனை நாளைக்குத் திருப்புவாரோ. எனக்குப் பிறகு என் குடமும் ஒரு அரவை மெசினுக்குப் போகும், அது எங்கே போய் உட்காருமோ, எதைச் சொல்லுமோ, நான் சொன்னது போக இன்னும் என்ன மிச்சமிருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

அதனால் போன புதன்கிழமை சீவுகிற பிளேடை வீட்டுக்குக் கொண்டுவந்து, இருக்கிற நாலு குடத்திலும் என் பேரை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துச் சுரண்டி எடுத்துவிட்டேன். பேரில்லாத குடத்துக்கு எங்கள் தெரு வரிசையில் இடம் கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுத்து ஓரமாக வைக்கலாம். ஆகவே தண்ணீர் வருகிற நாளில் விடிந்ததும் போய், கடைசியில், குடத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நானே நிற்கிறேன்.